பக்கத்துப் பெட்டிக் குழந்தை

திண்டிவனம்
18-1-1999

அன்புள்ள செந்தாமரைக்கு,

கிருஷ்ணவேணி எழுதுகிறேன். பேரைச் சொன்னால் உடனே நினைவு வருமோ என்னவோ. போன ஆவணியில் இங்கே தேவநாதன் டாக்டர் ஆஸ்பத்திரியில், கண்ணாடிப் பெட்டி அறைக்கு வெளியே பெஞ்சில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டீச்சர். என் பையன் இருந்த பெட்டிக்கு அடுத்த பெட்டியில்தான் உன் பெண் இருந்தாள். இரண்டும் ஏழாம் மாதத்தில் பிறந்தவை. ‘டீச்சர்’ என்று கூப்பிடாதே, ‘அக்கா’ என்று கூப்பிடு என்று நான்தான் உன்னிடம் சொன்னேன்.

குழந்தை எப்படி இருக்கிறாள்? பாண்டியில் ஆபரேஷன் செய்து வயிற்றில் பை வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். உயிரோடு இருக்கிறாள் என்று கேட்டபோது என் மனசில் என்னென்னவோ ஓடியது. சந்தோஷம்தான், வேறொன்றும் நினைத்துக்கொள்ளாதே.

உன் பெண்ணைப் பாண்டிக்கு அனுப்பிய அதே வாரம் என் பையனுக்கும் வயிறு உப்பியது. பச்சையாக வாந்தி எடுத்தான். மலத்தில் ரத்தம். காரில் நாங்களும் பாண்டிக்குத்தான் கிளம்பினோம். கிளியனூர் தாண்டும்போது மூச்சு நின்றுவிட்டது. கிளியனூர்தான் நான் வாழ்க்கைப்பட்ட ஊர். வண்டியை அங்கேயே திருப்பட்டுமா என்று டிரைவர் கேட்டார்.

அப்புறம் பாண்டியில் ஒரு டாக்டரிடம் போய் விவரம் கேட்டேன். குறைமாதக் குழந்தைக்குக் குடல் முற்றியிருக்காது, தாய்ப்பால் கொடுத்தால் அதற்கு ஒரு காப்பு, பவுடர் பால் கொடுத்தால் குடல் அழுகிப்போகிற ஆபத்து கூடும் என்றார். தாய்ப்பால் மட்டுமே குடித்த குழந்தைக்கும் இந்த நோய் வருவதுண்டு என்றும் சொன்னார். அதையும் உன்னிடம் மறைக்கவில்லை.

ஆனால் எனக்குப் பால் இருந்தது, செந்தாமரை. பிழிந்து டம்ளரில் கொடுத்தேன். நர்ஸ் செண்பகம் அதை வாங்கிப் போய்த் தொட்டியில் ஊற்றினாள். நான் போய்க் கேட்டதற்கு, “டாக்டர் பவுடர்தான் குடுக்கச் சொல்லியிருக்காரு, எடை ஜல்தி ஏறும்” என்றாள். “அக்கா, உங்க பால ஊத்திட்டாங்க” என்று முதலில் என்னிடம் வந்து சொன்னவளே நீதான்.

விழுப்புரம் நுகர்வோர் கோர்ட்டில் டாக்டர் மேலும் பவுடர் கம்பெனி மேலும் வழக்குப் போட்டிருக்கிறேன். ஆஸ்பத்திரிகளுக்கு இலவசமாக டின் கொடுக்கக் கூடாது என்று தொண்ணூற்று மூன்றிலேயே சட்டம் வந்துவிட்டதாம். அந்த அறை அலமாரியில் டின் டின்னாக அடுக்கியிருந்ததை நாம் இரண்டு பேரும் பார்த்தோம். என் வக்கீல் அரங்கநாதன் சொல்கிறார்: “தாய் சொல்றத மட்டும் வெச்சு நிக்க முடியாதும்மா. கூட இருந்து பார்த்தவங்க ஒருத்தர் வேணும்.”

கூட இருந்தவள் நீ ஒருத்திதான். பார்த்ததைச் சொன்னால் போதும். பங்குனியில் வாய்தா. வருவாயா?

கிருஷ்ணவேணி


மரக்காணம் குப்பம்
6-2-1999

கிருஷ்ணவேணி அக்காவுக்கு செந்தாமரை எழுதிக்கிறது.

உங்கள எப்பிடிக்கா மறப்பேன். தம்பி போன சேதி எனக்கு பாண்டி ஆஸ்பத்திரிலதான் தெரிஞ்சுது. அப்ப எம்பொண்ண ஆபரேஷன் ரூமுக்குள்ள வெச்சிருந்தாங்க. அழக்கூட பயமா இருந்துச்சி. அழுதா எதுனா ஆயிடும்னு வாய மூடிக்கினு உக்காந்திருந்தேன்.

பொண்ணுக்கு பவானின்னு பேரு வெச்சிருக்கோம். குடல்ல பாதிக்கு மேல வெட்டி எடுத்துட்டாங்கக்கா. மிச்சத்த வயித்துக்கு வெளிய இழுத்து வெச்சி, அதுமேல ஒரு பையி ஒட்டியிருக்காங்க. அவ வெளிக்கிப் போறதெல்லாம் அந்தப் பையிலதான். பையி கழண்டா சுத்தி தோலு வெந்துபூடுது. எடை ஏறினாதான் உள்ள வெச்சித் தைப்பாங்களாம். எடை ஏற மாட்டேங்குது. எறா மீனு மாதிரி சுருண்டு கெடக்குறா.

நீங்க கேட்டதுக்கு பதில் எழுத எனக்குக் கை வரல. ஆனா எழுதணும். நான் வர முடியாதுக்கா.

பாண்டில கெடந்ததுல எனக்கு பாலு வத்திப்போச்சி. இப்ப எம்பொண்ணு குடிக்கறது அதே டின்னுதான். வேற எதையும் அவ குடலு ஒத்துக்க மாட்டேங்குது. அந்த டின்னு தேவநாதன் டாக்டர்தான் சும்மா குடுக்கறாரு. கடையில வாங்க எங்களால ஆவாது. பாண்டிக்கு லெட்டர் எழுதிக் குடுக்கறதும் அவருதான். போனா “வாம்மா, பொண்ணு எப்பிடி இருக்குது”ன்னு எழுந்து வந்து பாக்குறாரு. அந்த மனுசனுக்கு எதிரா நான் கோர்ட்டுல நின்னா, அடுத்த தபா எந்த மூஞ்சோட டின்னு கேக்கறது.

உங்க பால ஊத்தினத பாத்தேன். இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா வந்து சொல்ல முடியாது. எம்பொண்ணு இன்னும் தப்பிக்கல.

கோவிச்சிக்காதீங்க அக்கா.

செந்தாமரை


திண்டிவனம்
15-2-1999

செந்தாமரைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு எழுதப் போட்டுவிட்டு மறுபடி மறுபடி படித்தேன்.

ஒன்று கேட்கிறேன். உன் பெண்ணுடைய குடலை வெட்ட வேண்டி வந்தது எதனால்? அதை நினைத்துப் பார்த்தாயா? இன்று டின் கொடுத்து எழுந்து வந்து விசாரிக்கிறவர், அன்று உன்னை ஒரு வார்த்தை கேட்டாரா? அவர் உனக்குச் செய்வது தர்மம் என்று நினைக்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீ வாயைத் திறக்காமல் இருப்பதற்கு அந்த டின்கள் போதுமாக இருக்கின்றன.

இப்போதும் அந்த அறையில் வேறு குழந்தைகள் இருக்கும். அவற்றின் அம்மாக்கள் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். உன் குழந்தை பிழைத்துக்கொண்டது. அதனால் மற்றவை எப்படிப் போனால் உனக்கென்ன.

என் வீட்டில் மாமனார் முதற்கொண்டு எல்லோரும் வழக்கை விட்டுவிடச் சொல்கிறார்கள். என் வீட்டுக்காரர் சக்கரபாணி எதுவும் சொல்வதில்லை. கூட வருகிறார், பஸ்ஸில் இடம் பிடித்துக் கொடுக்கிறார், அவ்வளவுதான். உன்னையாவது நம்பினேன்.

கிருஷ்ணவேணி


மரக்காணம் குப்பம்
24-2-1999

அக்கா,

எம்பொண்ணு பொழச்சிக்கினாளா? பையத் தொடைச்சிட்டு வந்து இத்த எழுதறேன், கையில இன்னும் நாத்தம் போவல. நீங்க வந்து ஒரு நாளு அவள வெச்சிக்கினு இருங்க. அப்பால சொல்லுங்க பொழச்சிக்கினான்னு.

உங்க புள்ள போயிட்டான். உங்களுக்கு இனிமே பயப்பட ஒண்ணுமில்ல. எனக்கு இருக்குது. எம்பொண்ணு உசுரோட இருக்கறது உங்களுக்குக் கோவமா இருந்தா அத்த நேரா சொல்லிடுங்க.

இனிமே எனக்கு எழுதாதீங்க.

செந்தாமரை


திண்டிவனம்
12-4-1999

திருமதி செந்தாமரை அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்று சொன்ன பிறகும் எழுத வேண்டியிருக்கிறது.

வெள்ளிக்கிழமை விழுப்புரத்தில் வாய்தா. டாக்டர் தரப்பில் ஒரு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தார்கள். கீழே உங்கள் கணவர் முத்துவின் கையெழுத்து. “பவுடர் பால் கொடுப்பது பற்றி எங்களிடம் விளக்கிச் சொல்லி, எங்கள் சம்மதத்தின் பேரில்தான் கொடுத்தார்கள். கிருஷ்ணவேணி என்பவரும் தனக்குப் பால் இல்லை என்று என் மனைவியிடம் சொல்லி அழுதார். பவுடர் பாலால்தான் எங்கள் குழந்தை இன்று உயிரோடு இருக்கிறது.”

இதை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்கள். பால் இல்லை என்று நான் அழுதேனாம். கட்டிக்கொண்ட பாலைத் துணியில் ஒற்றி எடுக்கும்போது நீங்கள்தான் எனக்கு மறைவாக முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள்.

சாட்சிக்கு வராமல் இருந்தது உங்கள் இஷ்டம். அதற்காக நான் கோபப்பட்டதும் தப்பு, அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் எதிர்த் தரப்பில் போய் நிற்பீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

கிருஷ்ணவேணி


மரக்காணம் குப்பம்
3-5-1999

அக்காவுக்கு,

எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமா தெரியாது. உங்க லெட்டர் வந்தப்பதான் தெரியும். படிச்சிட்டு அவரு கரைக்கு வர்ற வரிக்கும் காத்துக்கினு இருந்தேன்.

“இன்னாத்துல கையெழுத்துப் போட்டுக்கினு வந்த”ன்னு கேட்டேன்.

“டாக்டர் கூப்புட்டாரு. போட்டேன்.”

“படிச்சிப் பாத்தியா?”

“பாண்டிக்கு லெட்டர் அவருதான குடுக்கணும். அவர ஒக்கார வெச்சிட்டு படிச்சிக்கினு இருக்கச் சொல்றியா.”

“அக்காவுக்குப் பாலு இல்லன்னு எழுதியிருக்குது. பொய்யிதான அது?”

“எவளுக்குப் பாலு இருந்துச்சி, எவளுக்கு இல்ல, எனக்கு இன்னா தெரியும். நான் கடல்ல இருந்தேன். எனக்கு எம்பொண்ணு வேணும், அவ்ளோதான்.”

அவரு சோறு வேணாம்னுட்டு வலைகிட்ட போயி உக்காந்துக்கினாரு. அவரு கெட்டவரு இல்லக்கா. பயந்தவரு. நான் மட்டும் இன்னா, நானும் அப்பிடித்தான்.

உங்ககிட்ட சண்ட போட எனக்கு இப்ப தெம்பு இல்ல. வெயிலு ஆரம்பிச்சதுலேர்ந்து பவானிக்கு பையி தண்ணியாவே ரொம்புது. குடுக்கறதெல்லாம் அப்பிடியே வந்துடுது. கண்ணு உள்ள போயிடுச்சி. உச்சிக்குழி பள்ளமா தெரியுது. அழுதா கண்ணீரு வர்ல. தேவநாதன் டாக்டர்கிட்ட போனேன், அவரு ஊர்ல இல்லன்னுட்டாங்க. செண்பகம் நர்ஸ்தான் பாத்துட்டு “இங்க நிக்காத, நேரா பாண்டிக்குப் போ”ன்னுச்சி. பஸ் ஏறிக்கினு வூட்டுக்கு வந்து துணி எடுத்துக்கினு இருக்கேன். இவரு பணம் பொரட்டப் போயிருக்காரு, வந்ததும் கெளம்பணும். பாண்டி பெரிய ஆஸ்பத்திரி, கொழந்தைங்க ஆபரேஷன் வார்டு. எடை ஏறலன்னாலும் இப்பவே உள்ள வெச்சித் தைக்கணும்னு போன தபாவே அங்க டாக்டரம்மா சொன்னாங்க. தாங்குவாளான்னு கேட்டேன். அவங்க சீட்டுல எழுத ஆரம்பிச்சிட்டாங்க.

இத்த ஏன் உங்களுக்கு எழுதறேன்னு தெரியல. வேற யாருக்கு எழுதறது.

செந்தாமரை


திண்டிவனம்
14-5-1999

செந்தாமரைக்கு,

சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டேன். மன்னித்துக்கொள்.

உன் கடிதம் கிடைத்ததும் பாண்டிக்குப் பஸ் ஏறினேன். வார்டில் உன்னைப் பார்த்தபோது நீ என்னைத் திட்டுவாய் என்றுதான் நினைத்தேன். நீயோ பவானியைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டு முகம் கழுவப் போய்விட்டாய். உன் வீட்டுக்காரர் எனக்கு டீ வாங்கி வந்து கொடுத்தார். டம்ளரைத் திரும்ப வாங்கும்போதும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மேல் இருந்த கோபத்தை அதற்கப்புறம் என்னால் பிடித்து வைத்துக்கொள்ள முடியவில்லை.

அவளை ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போய்க் கதவை மூடினார்களே, அப்போது என் கால் தானாக நடக்க ஆரம்பித்துவிட்டது. என் ராசி அவள் மேல் விழுந்துவிடும் என்று ஒரு எண்ணம். படித்தவள் இப்படி எழுதலாமா என்று தோன்றுகிறது. ஆனால் அந்த வாசலில் அப்படித்தான் இருந்தது. ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே வந்துதான் நின்றேன். பிறகு வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

இங்கே வந்ததும் பூத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். “எந்த வார்டு, எந்த பெட்டு” என்று கேட்டார்கள். பெட் நம்பர் தெரியவில்லை. வைத்துவிட்டார்கள்.

சாட்சிக்கு வா என்று இனி உன்னைக் கேட்கமாட்டேன். வக்கீலிடமும் சொல்லிவிட்டேன். அதை மறந்துவிடு. பவானி எப்படி இருக்கிறாள் என்று ஒரு கார்டு போட்டால் போதும்.

அக்கா


திண்டிவனம்
2-6-1999
(கார்டு)

செந்தாமரை, உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. தபால்காரர் வரும் நேரத்துக்கு வகுப்பில் என்னால் உட்கார முடியவில்லை. எந்தச் சேதியாக இருந்தாலும் எழுது. தெரியாமல் இருப்பதுதான் முடியவில்லை.


பாண்டி ஆஸ்பத்திரி
9-6-1999

அக்கா,

இருக்குறா.

உங்க ரெண்டு லெட்டரையும் இன்னிக்குதான் எங்க மாமியா காசியம்மா ஊர்லேர்ந்து எடுத்துக்கினு வந்தாங்க. நாங்க இன்னும் இங்கியேதான் இருக்கோம். ஆபரேஷன் முடிஞ்சி தையலு சீழ் புடிச்சிக்கினு காய்ச்ச வந்துடுச்சி. ரத்தம் ஏத்தினாங்க. இவரு ரத்தந்தான். ரெண்டு தபா “வூட்டுக்காரங்கள வரச் சொல்லிக்கோ”ன்னு சொல்லிட்டாங்க. எல்லாம் வந்து நின்னாங்க, அப்பிடியே திரும்பிப் போனாங்க.

நேத்து காலையில துணி ஈரமா இருந்துச்சி. பிரிச்சிப் பாத்தா தானா வெளிக்கிப் போயிருக்குறா. பையி வெச்சதுலேர்ந்து மொத தபாக்கா, எல்லா புள்ளைங்களும் போற மாதிரி. நான் அத்த எடுத்துக்கினு போயி டாக்டரம்மா கிட்ட காட்டினேன். அவங்க சிரிச்சிட்டாங்க. வார்டே சிரிச்சிது. இவரு மட்டும் சுவத்துப் பக்கம் திரும்பிக்கினாரு.

உங்க ராசி ஒண்ணும் பண்ணல. சொல்லாம போனதுக்குதான் எனக்குக் கோவம்.

சாட்சி பத்தி அப்பால எழுதறேன். மறந்துடச் சொன்னீங்களே, முடியலக்கா.

செந்தாமரை


மரக்காணம் குப்பம்
20-8-1999

அக்காவுக்கு,

ஊருக்கு வந்துட்டோம். பவானி குப்புற விழறா.

நான் வர்றேன் கோர்ட்டுக்கு. இவருகிட்ட சொல்லிட்டேன். ரெண்டு நாளு வலைகிட்டயே படுத்துக்கினாரு. அப்பால “நான் எழுதிக் குடுத்தது இருக்குதே, அதுக்கு இன்னா சொல்லுவ”ன்னாரு. “கேட்டா உள்ளதச் சொல்லுவேன்”னேன். “என்ன புடிச்சி உள்ள போட்டுடுவாங்களா”ன்னு கேட்டாரு. எனக்கும் அந்த பயம் இருக்குது. உங்க வக்கீலக் கேட்டு எழுதுங்க. அவர உள்ள போட்டுடுவாங்கன்னா நான் வர்ல.

இன்னொண்ணு. நான் பேசறப்ப நீங்க உள்ள இருக்கக் கூடாது. உங்க மூஞ்சப் பாத்தா எனக்குப் பேச வராது. பவானிய வெச்சிக்கினு வெளிய இருங்க.

செந்தாமரை


மரக்காணம் குப்பம்
1-11-1999

அக்காவுக்கு,

விழுப்புரத்துலேர்ந்து வர்ற பஸ்ல நீங்க எதுவும் கேக்கல. நானும் சொல்லல. உங்க வூட்டுக்காரரும் சன்னல் பக்கம் பாத்துக்கினு வந்தாரு. பவானி உங்க தோள்ல தூங்கிட்டா. எழுதினா சொல்லிடுவேன்னு தோணுது, அதான் எழுதறேன்.

உள்ள மூணு பேரு உக்காந்திருந்தாங்க. ஒருத்தங்க பொம்பள. அரங்கநாதன் சார் கேட்டதுக்கெல்லாம் நல்லாதான் சொன்னேன். பால ஊத்தினது, அலமாரியில டின்னு, எல்லாம். இவரு கையெழுத்தப் பத்திக் கேட்டாங்க. அவர உள்ள போட மாட்டாங்கன்னு வக்கீலு சொன்னதா நீங்க எழுதியிருந்தீங்களே, அந்த தைரியத்துல சொன்னேன். “அது அவரு கையெழுத்துதான். ஆனா அந்த நாள்ல அவரு ஆஸ்பத்திரியிலயே இல்ல, கடல்ல இருந்தாரு. புள்ள மேல இருந்த பயத்துல போட்டுட்டாரு”ன்னேன்.

அப்பால டாக்டரு வக்கீலு எழுந்தாரு. அதட்டல. மெதுவாதான் பேசினாரு.

“உங்க பொண்ணு இப்ப என்னம்மா சாப்புடுது?”

“பவுடர் பாலு சார். கேப்பைக் கூழும் ஆரம்பிச்சிருக்கேன்.”

“எந்த பவுடரு?”

“அதேதான் சார்.”

“குடிச்சிட்டு நல்லா இருக்குதா?”

“இப்ப நல்லா இருக்குது.”

“டாக்டர்தான் குடுத்தாரு?”

“ஆமா சார். ஒருநாளும் இல்லன்னு சொன்னதில்ல.”

“அப்ப, அந்தப் பவுடர்தான் டீச்சரோட புள்ளையக் கொன்னுச்சின்னு உங்களால சொல்ல முடியுமா?”

டாக்டரு எதுர்ல உக்காந்திருந்தாரு. கீழ பாத்துக்கினு இருந்தாரு. ‘முடியும்’னு சொல்லலாமான்னு ஒரு நிமிசம் நெனச்சேங்க்கா. உங்களுக்காக. ஆனா எனக்குத் தெரியாதே. “தெரியாது சார்”னுட்டேன். அவரு உக்காந்துட்டாரு. போச்சி, அக்கா கேச நாமே கெடுத்துட்டோம்னு நெனச்சேன்.

அந்தப் பொம்பளதான் குனிஞ்சி கேட்டாங்க. “பவுடர் குடுக்கறதுக்கு முன்னாடி உங்கள யாராவது கேட்டாங்களாம்மா?”

“இல்லம்மா.”

“கேட்டிருந்தா?”

“அக்காவுக்கும் பாலு இருந்துச்சி, எனக்கும் இருந்துச்சி. கேட்டிருந்தா குடுத்திருப்போம்.”

அதுக்கு அப்பால நான் அழுதுட்டேன். போவச் சொல்லிட்டாங்க.

இதான் நடந்துச்சி. நான் ‘தெரியாது’ன்னு சொன்னதுனால நீங்க தோத்துட்டா என்ன மன்னிச்சிடுங்க. டாக்டர்கிட்ட இனிமே டின்னுக்குப் போவ மாட்டேன். அவரு குடுப்பாரு, எனக்குதான் போவக் கூசுது. பாண்டி டாக்டரம்மா கேப்பைய முளை கட்டிப் பாலெடுத்துக் காச்சிக் குடுக்கலாம்னு சொல்லியிருக்காங்க. ரெண்டு நாளா ஒத்துக்கிச்சி. இன்னிக்குக் கொஞ்சம் தண்ணியா போயிருக்குறா. பாத்துக்கினே இருக்கேன்.

செந்தாமரை


திண்டிவனம்
28-8-2000

அன்புள்ள செந்தாமரைக்கு,

தீர்ப்பு வந்துவிட்டது. உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன்.

என் பையன் பவுடர் பாலால்தான் இறந்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று எழுதியிருக்கிறார்கள். பெரிய டாக்டர்கள் இரண்டு பேர் ஆளுக்கொன்று சொன்னார்களாம். ஆனால் தாய்க்குப் பால் இருக்கும்போது, அதைக் கொட்டிவிட்டு, ஆபத்தையும் சொல்லாமல், கேட்காமல் பவுடர் கொடுத்தது குற்றம். சட்டத்துக்கு விரோதமாக இலவச டின் வாங்கி வைத்ததும் குற்றம் என்று டாக்டர் மேல் தீர்ப்பு. நஷ்டஈடு தரச் சொல்லியிருக்கிறார்கள். அந்த இடத்தில் உன் சாட்சியத்தைத்தான் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். ‘தெரியாது’ என்று சொன்னதாலேயே மற்றதை நம்பினோம் என்று அரங்கநாதன் சாரிடம், உன்னைக் குனிந்து கேட்ட அந்த அம்மா சொன்னாராம்.

கம்பெனியை விட்டுவிட்டார்கள். டின்களை யாரோ ஏஜென்ட் கொடுத்தான், எங்களுக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஏஜென்ட் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. மேலே சென்னைக்குப் போகலாம் என்கிறார் வக்கீல். போகத்தான் வேண்டும். எவ்வளவு வருஷம் ஆகுமோ.

படிக்கட்டில் தேவநாதன் டாக்டர் எதிரே வந்தார். மெலிந்துபோயிருக்கிறார். “டீச்சர், நான் வேணும்னு பண்ணல” என்றார். “தெரியும் டாக்டர்” என்றேன். அவர் ஒதுங்கி எனக்கு வழி விட்டார்.

“ஜெயிச்சிட்ட” என்று மாமனார் சொல்கிறார். வழக்கை விடச் சொன்னவர்தான். எனக்கு அப்படி இல்லை, செந்தாமரை. அவன் எதனால் போனான் என்று ஒருவர் உறுதியாகச் சொல்லிவிட்டால் அன்றைக்குத் தூக்கம் வரும் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். கோர்ட்டே தெரியாது என்று சொல்லிவிட்டது. இதற்காகவா உன்னை அத்தனை படுத்தினேன், உன் வீட்டில் சண்டை மூட்டினேன் என்று இருக்கிறது.

பவானிக்கு வயிறு எப்படி இருக்கிறது?

அக்கா


மரக்காணம் குப்பம்
7-9-2000

அக்காவுக்கு,

பவானி வயிறு நல்லாருக்குது. மீன் முள்ள எடுத்துட்டு ஊட்டினா திங்கிறா. வேர்க்கடல மட்டும் ஆவல. மத்த புள்ளைங்கள விட குள்ளமா இருக்குறா. கொஞ்சம் ஓடினா உக்காந்துக்கறா. ஒரு தும்மல் தும்மினாலும் ஓடிப்போயி நெத்தியத் தொட்டுப் பாக்கறேன். இந்த பயம் எப்ப போவும்னு தெரியல. போவாதுன்னுதான் நெனைக்கிறேன்.

போன மாசம் எங்க பங்காளி வூட்டு மருமவ தேவநாதன் டாக்டர்கிட்டதான் பெத்தா. எட்டு மாசந்தான். நான் பாக்கப் போனேன், அந்த ரூமு வரிக்கும் போனேன். அலமாரி காலியா இருக்குது. செண்பகம் நர்ஸ் வெளிய வந்து அவகிட்ட “பாலு சொரக்குதா, வா, எப்பிடி எடுக்கறதுன்னு சொல்லித் தர்றேன்”னு கூட்டிக்கினு போச்சி. என்னப் பாத்துச்சி. என் தோளத் தொட்டுட்டுப் போச்சி. அந்தப் புள்ள நல்லாருக்குது.

உங்க புள்ள எதனால செத்தான்னு உங்களுக்குத் தெரியலன்னு எழுதியிருந்தீங்க. எம்பொண்ணு எதனால பொழச்சான்னு எனக்கும் தெரியலக்கா. ஒரே ரூமு, ஒரே நர்ஸ், ஒரே டின்னு. எவ்ளோ யோசிச்சும் பிடிபடல. தெரியாமலே நாம ரெண்டு பேரும் இருந்துக்க வேண்டியதுதான்.

இப்ப ஒரு சேதி. வர்ற ஞாயித்துக்கெழம விட்டு அடுத்த ஞாயித்துக்கெழம மாரியம்மன் கோயில்ல பவானிக்கு மொட்டை போட்டுக் காது குத்தறோம். எனக்குக் கூடப்பொறந்த ஆம்பள யாரும் கெடையாது. தாய்மாமன் மடி வேணும். உங்க வூட்டுக்காரர் உக்காருவாரான்னு கேட்டு எழுதுங்க. மொற மாறுதுன்னு தெரியும், ஆனா அவர நான் அண்ணனாத்தான் நெனைக்கிறேன். எங்க மாமியா “வேற சாதிக்காரங்க மடியில ஒக்கார வெக்கறதா”ன்னு ஆரம்பிச்சாங்க. இவருதான் “ஆபரேஷன் அன்னிக்கு வந்து புள்ளைய வாங்கினது யாரு, நம்ம சாதிசனமா”ன்னு கேட்டாரு. அதோட அடங்கிட்டாங்க.

நீங்களும் வரணும். வந்துட்டு சொல்லாம போயிடக் கூடாது.

செந்தாமரை


திண்டிவனம்
13-9-2000

அன்புள்ள செந்தாமரைக்கு,

உன் கடிதத்தை அவரிடம் நீட்டினேன். படித்தார். மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு கிளியனூர் வயலுக்குப் போய்விட்டார். வரமாட்டார் போலிருக்கிறது, உனக்கு என்ன எழுதுவது என்று காலையெல்லாம் பதைத்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டுக்கு வந்தவர் தட்டில் கை வைக்காமல் கேட்டார்: “காது குத்தறப்ப புள்ள துள்ளும்ல. எப்பிடிப் புடிச்சிக்கணும்?”

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது. எங்கள் பையன் பெட்டிக்குள்ளேயே இருந்தான்; காரிலும் என் மடியில்தான். உயிரோடு இருந்தபோது அவனைத் தூக்கிப் பார்க்க அவரை யாரும் விடவில்லை. இதுவரை அதை அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

தலையணையை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தேன். ஒரு கை முதுகுக்கு, ஒரு கை நெற்றிக்கு என்று காட்டிக் கொடுத்தேன். “இறுக்கமா இருக்குதா? வயித்துல தையல் போட்ட எடத்துல படாதே?” என்று இரண்டு மூன்று தடவை கேட்டார். அப்படியே கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தார். சோறு ஆறிப்போயிற்று.

தாய்மாமன் சீர் என்னவெல்லாம் கொண்டுவர வேண்டும் என்று எழுது. எங்களுக்குத் தெரியாது. முதல் பஸ்ஸிலேயே வந்துவிடுகிறோம்.

அக்கா